பச்சோந்தியின் எலும்பும் நம் ஊர் வெயிலும்

தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது மணலூர்பேட்டை. ஊரைச் சுற்றியுள்ள வேலிகளிலும் கருவேலம் புதர்களிலும், மேற்கே கல்வராயன் மலையடிவாரத்துப் புதர்க்காட்டிலும் பச்சோந்தி வாழும். அங்கே அது எலும்பு இளகிக் கிடந்ததாகக் கேள்விப்படுவது அரிது. அதே உயிரைப் பிடித்து வந்து வீட்டுக்குள் ஒரு தொட்டியில் வைத்தால் சில மாதங்களில் கால் வளைகிறது, தாடை இளகுகிறது, வீசிய நாக்கு இரையை எட்டாமல் விழுகிறது. வேலியில் தின்ற அதே வெட்டுக்கிளியைத்தானே வீட்டிலும் கொடுத்தேன், பிறகு ஏன் இப்படி ஆனது என்று வளர்த்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. கால்சியம் பற்றாக்குறை என்று நாம் சொல்லும் இந்த நோயில் பெரும்பாலும் முதலில் குறைவது கால்சியம் இல்லை, வெயில். இதைப் புரிந்துகொள்ளாமல் மருந்துக் கடையில் தொடங்கும் வைத்தியம் பல பிராணிகளைக் கொன்றிருக்கிறது.

நோய்க்குள் போகுமுன் எந்தப் பச்சோந்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில் வாழ்பவை. இந்தியாவுக்கு உரியது ஒன்றே ஒன்று. லாரெண்டி என்பவர் 1768-இல் அறிவியல் பெயர் சூட்டிய இந்த இனம், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பள்ளிப் பிள்ளை ஆசையாகப் பிடித்து வந்து பாட்டிலில் அடைத்தாலும் சட்டம் அதுதான். வேலியில் தலையாட்டும் ஓணானையே பலர் பச்சோந்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான பச்சோந்திக்குக் கண்கள் கூம்பாகத் துருத்திக்கொண்டு தனித்தனியே சுழலும். வால் சுருளும். கால் விரல்கள் இரு கொத்தாகப் பிரிந்து குச்சியைக் குறடு போலப் பற்றும். விஷம் கிடையாது.

வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுபவை வேறு இனங்கள். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும், தலையில் உயர்ந்த கொண்டையுடைய ஏமன் பச்சோந்தி ஒன்று. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி இன்னொன்று. இரண்டும் பன்னாட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் வனவுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் மறைத்துக் கொண்டுவரப்படும் ஊர்வனவற்றைச் சுங்கத் துறையினர் அடிக்கடி பிடிக்கிறார்கள். அப்படிப் பயணப்பட்டு வந்த உயிர் ஏற்கெனவே நீர் வற்றி, பட்டினி கிடந்து, எலும்பு வலுவிழந்த நிலையில்தான் வாங்குபவர் கைக்கு வரும். கடத்தல் பொருளை வாங்கிவிட்டு அதற்கு வைத்தியம் தேடுவது இரண்டு மடங்கு தவறு என்பது என் எண்ணம்.

இனி எலும்புக்கு வருவோம். கால்சியம் எலும்புக்கு மட்டுமான பொருள் இல்லை. தசை சுருங்கவும் நரம்பு செய்தி கடத்தவும் இதயம் துடிக்கவும் இரத்தத்தில் அது ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். அந்த அளவு இறங்கினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கின்றன. விளைச்சல் இல்லாத ஆண்டில் வீட்டார் குதிரில் இருப்பதை அள்ளி அள்ளிச் சமைப்பது போன்ற ஏற்பாடு இது. சில நாளைக்கு உயிரைக் காக்கும். மாதக்கணக்கில் நீண்டால் எலும்பின் உறுதியான பகுதி கரைந்து, அந்த இடத்தை நார்த்திசு நிரப்பும். தாடையும் தொடையும் வீங்கித் தடித்துத் தெரியும். பிராணி கொழுத்திருக்கிறது என்று மகிழ்ந்து போனவர்களும் உண்டு. வீங்கிய அந்தக் காலுக்குள் எலும்பு ரப்பராக இருக்கும்.

தின்னும் கால்சியம் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற வைட்டமின் டி3 வேண்டும். பகலில் திரியும் பல்லி இனங்களுக்கு அதைத் தருவது பெரும்பாலும் வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர். ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அந்தக் கதிர் தோலில் பட்டால் அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று டி3-இன் முன்வடிவமாக மாறும். உடல் சூட்டில் அது டி3 ஆகும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு முறை மாற்றப்பட்டால்தான் அது வேலை செய்யும் வடிவத்துக்கு வரும். ஆகவே கதிர், சூடு, நலமான கல்லீரல், நலமான சிறுநீரகம் நான்கும் வேண்டும். ஒன்று தவறினாலும் கிண்ணம் நிறையப் போடும் சுண்ணாம்புச் சத்து அப்படியே எச்சத்தோடு வெளியேறும்.

சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடும். வீட்டுக்குள் பளீரென்று வெயில் விழுகிறது, தொட்டி அங்கேதான் இருக்கிறது என்று சொல்பவரின் பச்சோந்திக்குக் கிடைப்பது வெளிச்சமும் சூடும் மட்டுமே. சாதாரண எல்இடி பல்பிலும் அந்தக் கதிர் இல்லை.

பச்சோந்தி இதில் வெறுமனே காத்திருக்கும் உயிரும் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ஃபெர்குசனும் அவருடைய குழுவினரும் பாந்தர் பச்சோந்திகளை வைத்து நடத்திய ஆய்வுகள் 2003-இலும் 2009-இலும் வெளிவந்தன. உணவில் டி3 குறைவாகப் பெற்றவை புற ஊதாக் கதிரை அதிகம் நாடின. போதிய டி3 உடம்பில் இருந்தவை ஒதுங்கிக்கொண்டன. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று அந்தச் சிறு உடம்புக்கே தெரிந்திருக்கிறது. இந்த ஆய்வுகளை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், வளர்ப்பவரின் வேலை என்ன என்பதை அவை மாற்றிவிடுகின்றன என்பதே. வெயிலை அளந்து ஊட்டுவது நம் வேலை இல்லை. வெயிலும் நிழலும் அருகருகே இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டால் எவ்வளவு என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். ஒரே அளவு வெளிச்சமுள்ள சிறு பெட்டியில் அந்த அறிவுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அடுத்தது இரை. பூச்சிக்கு எலும்பு கிடையாது, அதன் ஓடு கைட்டினால் ஆனது. அதனால் பெரும்பாலான பூச்சிகளில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பிராணிக்கு வேண்டியதோ பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம். கடையில் விற்கும் சிள்வண்டில் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடுதல். மாவுப்புழுவில் இன்னும் மோசம். கறுப்புப் படைவீரன் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. இயல்பாகவே கால்சியம் மிகுந்தது அது. 2010-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஏமன் பச்சோந்திக் குஞ்சுகள் 56-ஐ ஆறு குழுக்களாகப் பிரித்து 6 மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். கால்சியமும் வைட்டமின்களும் சேர்க்காத வெட்டுக்கிளிகளைத் தின்ற குஞ்சுகளுக்கு எலும்பு நோய் வந்தது. கால்சியம் நிறைந்த தீனி தின்ற வெட்டுக்கிளி, அதன்மேல் அளவான வைட்டமின் தூள், கூடவே நீண்ட நேரம் மெலிதாகப் படும் புற ஊதா வெளிச்சம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

நோயை எப்படி அடையாளம் காண்பது? பச்சோந்தியிடம் முதலில் பார்க்க வேண்டியது அதன் பிடி. நலமான பச்சோந்தியைக் குச்சியிலிருந்து பிரிக்க முயன்றால் ஒவ்வொரு காலையும் தனித்தனியே விடுவிக்க வேண்டியிருக்கும். நோயின் தொடக்கத்தில் அந்தப் பிடி தளரும். மேலே ஏறத் தயங்கும், தாழ்ந்த கிளையிலேயே நாள் முழுக்க இருக்கும், சில நேரம் தன் காலையோ கூண்டின் வலையையோ பற்றிக்கொண்டு நிற்கும். நடக்கையில் வயிறு குச்சியில் உரசும். முன்னங்கால் நேராக நில்லாமல் வில்லாக வளையும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இல்லாத மூட்டு ஒன்று இருப்பது போலத் தோன்றும். அது அநேகமாக முறிந்து தானே கூடிய எலும்பு.

இரண்டாவது நாக்கு. தன் உடல் நீளத்தையும் தாண்டி வீசப்படும் அந்த நாக்கு, நாவடி எலும்பின் நீண்ட முனையிலிருந்து புறப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கி, உள்ளிருக்கும் மீள்திசுவில் சேர்த்துவைக்கும் விசையில்தான் அது பாய்கிறது. தசைக்குக் கால்சியம் போதாதபோது வீச்சு குறையும், குறி தவறும், முற்றிய நிலையில் நாக்கு உள்ளே திரும்பாமல் தொங்கும். பசியோடு பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாக்கை நீட்டாமல் விட்டுவிடும் பிராணியைச் சாப்பாட்டில் விருப்பமில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் நாக்கு தளர்வதற்கு வாய்ப் புண்ணும் வைட்டமின் ஏ குறைவும் அடிபட்ட காயமும்கூடக் காரணமாகலாம். நாக்கை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு.

தாடை மூன்றாவது. கீழ்த்தாடை இரு பக்கமும் சமமாக வீங்கும், வாய் சரியாக மூடாது, மருத்துவர் மெல்ல அழுத்தினால் வளையும். குஞ்சுகளில் கொண்டை ஒருபுறம் சாயும், முதுகெலும்பு நெளியும். கடைசியில் வருபவை விரல் நுனித் துடிப்பு, கால் நடுக்கம், வலிப்பு. இவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கால்நடை மருத்துவருக்குக் கால்சியம் புதிய செய்தி இல்லை. கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் கழுத்தை மடக்கிக் கிடக்கும் கறவை மாட்டை அவர் அடிக்கடி பார்க்கிறார். பால் சுரம் என்று ஊரில் சொல்லும் அந்த நோயில் நரம்பு வழியே கால்சியம் போரோகுளுக்கோனேட் ஏற்றினால் மாடு சிறிது நேரத்திலேயே எழுந்து நின்றுவிடும். பார்ப்பவருக்கு அதிசயமாக இருக்கும். பச்சோந்தியிடம் அந்த அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. மாட்டுக்கு நடந்தது இரத்தத்தில் ஏற்பட்ட திடீர்ச் சரிவு, அதன் எலும்பில் கையிருப்பு அப்படியே இருக்கிறது. பச்சோந்திக்குக் கையிருப்பே காலி. இந்த நோய்க்கு நெருங்கிய உறவு நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகளில் இருக்கிறது. கூண்டுக் கோழி தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து எடுத்து முட்டை ஓட்டுக்குக் கொடுத்து, ஒரு நாள் கால் ஊன்ற முடியாமல் விழும். அதைத் தடுக்கத்தான் தீவனத்தில் கிளிஞ்சல் கலக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். எலும்பு கரைந்துகொண்டே இருப்பதால் இரத்தத்தில் மொத்தக் கால்சியம் பல மாதங்களுக்குச் சரியான அளவையே காட்டும். பாஸ்பரஸ் கால்சியத்தைவிட மேலே ஏறியிருப்பது நல்ல தடயம். எக்ஸ்ரே இன்னும் தெளிவாகப் பேசும். எலும்பின் வெள்ளை விளிம்பு மங்கியிருக்கும், தசைக்கும் எலும்புக்கும் வேறுபாடு தெரியாது, பழைய முறிவுகள் அங்கங்கே தென்படும். எல்லாவற்றையும்விட மருத்துவருக்கு உதவுவது பிராணி வாழ்ந்த இடத்தின் ஒளிப்படமும், என்ன விளக்கு, எத்தனை மாதப் பழையது, என்ன இரை, என்ன தூள் என்ற விவரமும்தான். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தினருக்குத் தலைவாசல் அருகே கூட்டுரோட்டில் உள்ள கால்நடை மருத்துவ வளாகம் அருகிலேயே இருக்கிறது. உள்ளூர் மருத்துவர் அங்குள்ள மருத்துவர்களைக் கலந்து பேசி மருந்து கொடுக்க முடியும்.

சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. நடுக்கமோ வலிப்போ இருந்தால் மருத்துவர் கால்சியம் குளுக்கோனேட்டை நீர்க்கச் செய்து, மெதுவாக ஊசி வழியே கொடுப்பார். நடுக்கம் இல்லாத பிராணிக்கு ஊசி பெரும்பாலும் வேண்டாம். முதலில் சூடும் நீரும். நீர் வற்றிய உடம்பில் கால்சியத்தைத் திணித்தால் சிறுநீரகம் அடிபடும். நிலை சற்றுத் தேறியதும் வாய் வழியே கால்சியம் சிரப், எடைக்கேற்ற சொட்டுகளில், வாரக்கணக்கில் தொடரும். தாடை இளகியிருக்கும்போது வாயைத் திறக்க இழுத்தாலே முறியும். உதட்டோரம் ஒரு சொட்டு வைத்து அது தானே நக்கக் காத்திருப்பது பாதுகாப்பு. முறிந்த காலுக்குக் கட்டுப்போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. இளகிய எலும்பில் கட்டின் கனமே அடுத்த முறிவை உண்டாக்கும். கிளைகளைத் தாழ்த்தி, தரையில் மெத்தென்று துணி விரித்து, கையில் எடுப்பதை முற்றிலும் நிறுத்துவதே பல நேரம் சிறந்த கட்டு. எலும்பு கரைவதை நிறுத்தும் கால்சிடோனின் ஊசியைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துவதுண்டு. இரத்தக் கால்சியம் சரியான பிறகே அதைத் தொட வேண்டும், முன்னால் கொடுத்தால் இருக்கும் கால்சியமும் இறங்கி உயிர் போகும்.

இதனுடன் முதல் நாளிலிருந்தே வெயில் தொடங்க வேண்டும். தேற மாதங்கள் ஆகும். பிடி முதலில் திரும்பும், பிறகு நாக்கு. வளைந்த எலும்பு வளைந்தபடியே உறுதிப்படும், நேராகாது.

வீட்டு வைத்தியத்தில் எனக்குக் கவலை தருபவை சில உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் டி3 சாஷே மனிதருக்கு வாரம் ஒன்று என்ற கணக்கில் எழுதப்படுவது. நூறு கிராம்கூட எடையில்லாத உயிருக்கு அதில் ஒரு சிட்டிகையே நஞ்சு. டி3 மிகுந்தால் கால்சியம் எலும்பில் சேராமல் இரத்தக் குழாயிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படியும், அதைக் கரைத்தெடுக்க வழியில்லை. தோல் தானே தயாரிக்கும் டி3-க்கு இந்த ஆபத்து இல்லை, அளவு மீறினால் வெயிலே அதை வேறு பொருளாகச் சிதைத்துவிடும். வெயிலைத் தூளுக்கு மேலாக நான் வைப்பது இதனால்தான். மனிதருக்கான கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் டி3 கலந்தே வருகிறது. மாட்டுக்கு ஊற்றும் கால்சியம் டானிக்கில் பாஸ்பரஸும் இருக்கும், பூச்சி தின்னும் பிராணிக்கு ஏற்கெனவே மிகுந்திருப்பது அதுதான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு காரம் மிகுந்தது, வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். கிளிக்குத் தொங்கவிடும் கணவாய் ஓட்டை மாவாகப் பொடித்துப் பூச்சிமேல் தூவலாம், அது கால்சியம் கார்பனேட்தான். டி3 கலக்காத கால்சியம் தூளை அன்றாடத்துக்கும், டி3 கலந்ததை மாதம் இரு முறைக்குமாக வைத்துக்கொள்வது வளர்ப்போர் நடுவே நிலைத்துவிட்ட முறை.

பதிவு செய்த அயல் பச்சோந்தியை நம் பக்கத்தில் வைத்திருப்பவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி வானம். டொராண்டோவிலோ லண்டனிலோ குளிர்காலத்தில் வளர்க்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் புற ஊதாக் குழல்விளக்கு இல்லாமல் வழியே இல்லை. அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் மாதங்கள் செல்லச் செல்லக் கதிர் குறையும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பச்சோந்தி அமரும் கிளையில் புற ஊதாக் குறியீடு 3 அளவில் இருந்தால் போதும் என்கிறார்கள். கள்ளக்குறிச்சி வெயிலில் நண்பகலில் அது 10-ஐத் தாண்டும். அதனால் காலை வெயிலே போதுமானது. கூண்டு வலையால் ஆனதாக இருக்க வேண்டும், கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். பாதிக் கூண்டில் இலை அடர்ந்த செடி, இலைகளில் தெளித்த நீர், பக்கத்தில் ஆள். காகமும் பூனையும் காத்திருக்கும்.

இரைக்கு நாம் கொடுக்கும் தீனியும் நம் தோட்டத்திலேயே இருக்கிறது. 100 கிராம் அகத்திக்கீரையில் 1,130 மில்லிகிராம், முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் கால்சியம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. சிள்வண்டுக்கும் வெட்டுக்கிளிக்கும் ஒரு நாள் இந்தக் கீரையைத் தின்னக் கொடுத்து, பிறகு பச்சோந்திக்குப் போடலாம். வயல்வெளியில் பிடித்த வெட்டுக்கிளியை மட்டும் நம்பிவிடக் கூடாது. மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் அடிக்கும் மருந்து அதன் உடம்பில் இருக்கும்.

பெண் பச்சோந்திக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏமன் பச்சோந்தி ஆண் இல்லாமலும் முட்டை வைக்கும், ஒரு முறைக்கு இருபது முப்பதும் அதற்கு மேலும். ஒவ்வொரு ஈட்டுக்கும் கால்சியம் அதன் உடம்பிலிருந்துதான் போகிறது. அது குறைந்தால் முட்டையை வெளித்தள்ளும் தசைக்கே வலு இருக்காது, முட்டை உள்ளே தங்கித் தாய் இறக்கும். தோண்ட ஈர மணல் இல்லாத கூண்டிலும் இதே முடிவுதான். பெண் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்வதில் தவறில்லை.

நம் ஊர்ப் பச்சோந்தியின் பெண்ணும் முட்டையிட மரத்தை விட்டுத் தரைக்கு இறங்கும். அந்த நடையில்தான் அது சாலையில் அடிபடும், பிள்ளைகள் கையிலும் அகப்படும். சாலையில் கண்டால் அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் ஒரு குச்சியால் ஏற்றிவிட்டுப் போய்விடலாம். ஏற்கெனவே வீட்டில் வைத்து, கால் வளைந்த பிறகு பயந்து, இரவோடு இரவாக வேலியில் விட்டுவிடுவது மட்டும் கூடாது. பிடி தளர்ந்த பச்சோந்தியால் ஏறவும் முடியாது, இரை பிடிக்கவும் முடியாது. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது எந்தப் புதரில் எடுத்தது, எத்தனை மாதம் வைத்திருந்தது, என்ன கொடுத்தது, எந்த மருந்து எவ்வளவு ஊற்றியது என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். டி3 சாஷே கொடுத்ததைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் மேலும் கால்சியம் ஏற்றுவார். எடுத்த இடம் தெரிந்தால்தான் தேறிய பிறகு அதே வேலிக்குத் திருப்பி விட முடியும்.